சொந்த மைதானமே இல்லாத பார்பேரியன்ஸ் றக்பி அணி: அதன் மரபுகளில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை எவை?

எழுதியவர்: தூறல் (தலவாக்கலை)

அனைவருக்கும் வணக்கம்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி கற்பிக்கிறேன். எங்கள் சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து கண்டி, ஹட்டன், பதுளைப் பாடசாலைகளுக்குப் போய் அங்கே றக்பி பழகிய பையன்கள் பதினெட்டு, இருபது பேர் இப்போது கொழும்பிலும் கண்டியிலுமாக வேலை பார்க்கிறார்கள். இவர்கள் ஒரே அணியில் ஆடியவர்கள் அல்லர். பலர் ஒருவரையொருவர் எதிரணியில் கண்டு, டெக்கிள் செய்து விழுத்தித்தான் அறிமுகமானவர்கள். பண்டிகைக்கு ஊருக்கு வரும் நாட்களில் ஒருநாள் எல்லோரும் ஓர் அணியாக இறங்கி, அருகிலுள்ள கழகம் ஒன்றுடன் ஆண்டுக்கு ஒரே ஓர் ஆட்டம் ஆடினால் என்ன என்ற யோசனையை அவர்களே என்னிடம் கொண்டுவந்தார்கள். பல கழகங்களின் ஆட்டக்காரர்களை அழைத்துச் சேர்த்து ஆடும் பிரித்தானியாவின் பார்பேரியன்ஸ் அணியின் ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து வந்த யோசனை இது.

நான் கிரிக்கெட்டும் கரப்பந்தும் ஆடி வளர்ந்தவன். றக்பியை ஆசிரியனான பிறகுதான் கற்றேன். ஆகவே அந்த அணியைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. மைதானமோ கட்டடமோ, லீக் போட்டியில் ஓர் இடமோ இல்லாத ஓர் அணி நூறு ஆண்டுகளுக்கு மேலாக எப்படி நிலைத்து நின்றது என்பதும், அதன் மரபுகளில் எவை திட்டமிட்டு வகுக்கப்பட்டவை, எவை பழக்கத்தால் தாமாக வளர்ந்தவை என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். எங்கள் பையன்கள் கறுப்பு வெள்ளைக் கோடிட்ட ஜெர்சியை மட்டும் பார்த்து மயங்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பார்பேரியன்ஸ் என்றால் என்ன பொருள் என்று ஒருவன் கேட்டபோது, “காட்டுமிராண்டிகள்” என்று சொல்லிவிட்டேன். உடனே இன்னொருவன், “அப்படியானால் நாம் தோட்டக்காட்டான்ஸ் என்று பெயர் வைத்துக்கொள்வோம், சேர்” என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று அந்த இடத்தில் அவர்களுக்கு விளக்கிச் சொல்லவும் முடியவில்லை. இதைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1: பழைய ஸ்க்ரம் (கண்டி)

அன்புள்ள தூறல் ஆசிரியருக்கு,

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இளமையில் பல ஆண்டுகள் ஸ்க்ரமில் (இரு அணிகளிலிருந்தும் எட்டெட்டுப் பேர் தலை கோத்துப் பந்துக்காகத் தள்ளுவது) தலையைக் கொடுத்துக் காது மடங்கிப்போனவன் நான். கண்டியில் பிறந்தவனுக்கு றக்பிப் பித்து வருவதற்குத் தனிக் காரணம் தேவையில்லை. லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்ற ஆசிரியர் 1891ஆம் ஆண்டில் கிங்ஸ்வூட் கல்லூரியைத் தொடங்கிய கையோடு பையன்களிடம் இந்தப் பந்தையும் கொடுத்தார். இந்நாட்டில் இரண்டு பாடசாலைகள் மோதிய முதலாவது ஆட்டம் கிங்ஸ்வூட்டுக்கும் ட்ரினிட்டிக்கும் இடையே 1906ஆம் ஆண்டில் போகம்பறை மைதானத்தில் நடந்து, ஆறுக்கு ஆறு என்று சமநிலையில் முடிந்தது. இதை ஊர்ப்பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. பிளேஸ் கண்டியில் பந்தை உருட்டிவிட்டதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் பார்பேரியன்ஸ் தமது முதலாவது ஆட்டத்தை ஆடி முடித்திருந்தார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை.

அந்த அணியைத் தோற்றுவித்தவர் பேர்சி கார்ப்மெயில். கேம்பிரிட்ஜில் படித்து, லண்டனின் பிளெக்ஹீத் கழகத்துக்கு ஆடியவர். அக்காலத்தில் இங்கிலாந்தின் றக்பிப் பருவம் மார்ச் மாதத் தொடக்கத்தோடு ஏறக்குறைய ஓய்ந்துவிடும். பருவம் முடிந்த பின்னும் ஆடத் துடிக்கும் பல கழகத்து நண்பர்களைத் திரட்டிக்கொண்டு, வெளியூர்களுக்குச் சிறு பயணம் போய், அந்தந்த ஊர் அணிகளுடன் ஆடித் திரும்ப வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. 1890 ஏப்ரல் 9ஆம் திகதி அப்படியொரு பயணத்தின் நடுவே, பிரட்ஃபோர்ட் நகரில் இரவு விருந்தொன்றின்போது நிலையானதொரு பயண அணியை அமைப்பது என்று முடிவாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 27ஆம் திகதி, வடகிழக்குக் கரையிலுள்ள ஹாட்ல்பூல் ரோவர்ஸ் கழகத்தை அதன் ஊரிலேயே சந்தித்து 9-4 என்ற கணக்கில் வென்றார்கள். கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது அந்தத் திகதி. மற்றவர்களுக்கு விடுமுறையான நாள், இவர்களுக்கு ஆட்ட நாள். உங்கள் பையன்கள் பண்டிகை நாளைத் தேர்ந்தெடுத்தது தெரிந்தோ தெரியாமலோ இந்த மரபின் அடிவேரையே தொட்டிருக்கிறது.

வகுக்கப்பட்ட விதிகள் மிகச் சில. அழைப்பு இல்லாமல் எவரும் ஆட முடியாது. விண்ணப்பம் என்ற ஒன்றே கிடையாது. அழைப்பதற்கு இரண்டு தகுதிகள் பார்க்கப்பட்டன: ஆட்டம் தரமானதாக இருக்க வேண்டும், மைதானத்துக்கு உள்ளும் வெளியும் நடத்தை ஒழுங்காக இருக்க வேண்டும். நாடு, இனம், மதம் ஆகியவை பார்க்கப்படமாட்டா என்பது அணியினர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. ஒரு காலத்தில் இவ்வணிக்கு ஆடி, பின்னாளில் தென்னாபிரிக்காவின் புளூம்ஃபொன்டெய்னில் ஆயராக இருந்த வோல்ட்டர் கேரி என்பவர் சொன்ன வாசகம் அணியின் குறிக்கோளாயிற்று. றக்பி எல்லா வகுப்புகளிலுமுள்ள பண்பாளர்களுக்குரிய ஆட்டம், எந்த வகுப்பிலும் கெட்ட ஆட்டக்காரனுக்கு அதில் இடமில்லை என்பது அதன் கருத்து.

பழக்கத்தால் வளர்ந்தவைதான் எனக்கு அதிகம் பிடித்தவை. ஜெர்சி எல்லோருக்கும் ஒன்று. கறுப்பும் வெள்ளையும் கிடைக்கோடுகளாக வரும், காற்சட்டை கறுப்பு. ஆனால் காலுறை மட்டும் அவரவர் சொந்தக் கழகத்தினுடையது. படமெடுக்க வரிசையாக நிற்கும்போது இடுப்புக்கு மேலே ஒரே அணியாகவும் முழங்காலுக்குக் கீழே பதினைந்து ஊர்க்காரர்களாகவும் தெரிவார்கள். வந்த இடத்தை மறக்கச் சொல்லாத அணி என்று இதை விடச் சிக்கனமாக எவரும் காட்டியதில்லை.

அடுத்தது பயணம். 1901ஆம் ஆண்டில் தொடங்கி, உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் தென் வேல்ஸுக்குப் போவது அவர்களுக்கு ஆண்டுக் கடமையாகிவிட்டது. பெரிய வெள்ளியன்று பெனார்த், மறுநாள் கார்டிஃப், ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகக் கோல்ஃப், திங்களன்று ஸ்வான்சி, செவ்வாயன்று நியூபோர்ட் என்று ஐந்து நாட்களில் நான்கு ஆட்டங்கள். இவற்றுள் பெனார்த் ஒரு கடற்கரைச் சிற்றூர்; அதன் கழகம் பெரிய கழகமும் அன்று. ஆயினும் அங்குள்ள எஸ்பிளனேட் ஹோட்டலில்தான் பார்பேரியன்ஸ் தங்குவார்கள். சர்வதேச ஆட்டக்காரர்கள் அந்தச் சிற்றூரின் மைதானத்தில் ஆண்டுதோறும் இறங்கினார்கள் என்றால், அது பெனார்த் ஊராருடைய உபசரிப்புக்குக் கட்டிய கடன் என்றே சொல்ல வேண்டும். கட்டடம் இல்லாத கழகத்துக்கு அந்த ஹோட்டல் வீடாக இருந்தது, மைதானம் இல்லாத கழகத்துக்கு அந்த ஊர் இடம் கொடுத்தது. நூறாண்டு எப்படி நிலைத்தது என்று கேட்டீர்கள். பார்பேரியன்ஸ் எப்படிப்பட்டவர்கள் என்பதில் பாதி விடைதான் இருக்கிறது. “இந்தத் திகதிக்கு வாருங்கள், மைதானம் காத்திருக்கும்” என்று ஆண்டுதோறும் சொன்ன ஊர்களிடம் மற்றப் பாதி இருக்கிறது.

பெரிய நாடுகளின் அணிகளுடன் ஆடும் வழக்கம் மிகவும் பிந்தி, ஏறத்தாழ ஒரு விபத்தாகவே வந்தது. அவுஸ்திரேலிய அணி பிரித்தானியச் சுற்றுப்பயணத்தை முடித்துக்கொண்டு கனடா வழியாக வீடு திரும்ப விரும்பியது. அதற்குப் பணம் திரட்ட 1948 ஜனவரி 31ஆம் திகதி கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் ஓர் ஆட்டம் ஒழுங்கு செய்யப்பட்டது. ஹேடன் டேனர் தலைமையில் ஆடிய பார்பேரியன்ஸ் 9-6 என்று வென்றார்கள். (நான்கு நாட்கள் கழித்து இலங்கை சுதந்திரம் பெற்றது. என் தலைமுறையார்க்கு அந்த வாரம் வேறு காரணங்களுக்காக நினைவிருக்கும்.) பணம் திரட்டுவதற்காக ஒருமுறை நடந்த ஆட்டம் மக்களுக்குப் பிடித்துப்போகவே, சுற்றுப்பயணம் வரும் தென் அரைக்கோளத்துப் பெரிய அணிகள் பார்பேரியன்ஸைச் சந்தித்து விடைபெறுவது வழக்கமாகிவிட்டது. 1961ஆம் ஆண்டில், அதுவரை தோற்காதிருந்த தென்னாபிரிக்க அணியை 6-0 என்று வீழ்த்தினார்கள். தென்னாபிரிக்கத் தலைவர் அவ்ரில் மாலனை ஹேடன் மெயின்வாரிங் தோளால் இடித்து வெளியே தள்ளிய டெக்கிளைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்லிச் சொல்லி வியப்பார்கள்.

இனி 1973. எழுதத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜனவரி 27ஆம் திகதி, அதே கார்டிஃப் மைதானம், எதிரே நியூசிலாந்தின் ஓல் பிளெக்ஸ். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. பிரையன் வில்லியம்ஸ் உதைத்த பந்து பார்பேரியன்ஸின் கோட்டை நோக்கி உருண்டது. அதைத் திரும்பி ஓடி எடுத்த பில் பென்னட், எவரும் செய்வதுபோல வெளியே உதைத்துத் தப்பிக்காமல், தம்மை நோக்கி வந்தவர்களை ஒவ்வொருவராகக் கால் மாற்றி ஏமாற்றினார். பந்து ஜே.பி.ஆர். வில்லியம்ஸுக்குப் போனது, அவருடைய கழுத்தைப் பிடித்து இழுத்தும் அவர் விடவில்லை. ஜோன் புலின், ஜோன் டோஸ், டொம் டேவிட், டெரெக் குவினெல் என்று கைமாறிய பந்தை எங்கிருந்தோ பாய்ந்து வந்த கரெத் எட்வர்ட்ஸ் இடையில் பிடித்துக்கொண்டு மூலைக்கு ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறும் ட்ரையை வைத்தார். ஆட்டம் 23-11 என்று முடிந்தது.

அந்த ஏழு பேரில் டொம் டேவிட்டை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அன்று அவர் தமது நாட்டுக்காக ஒருமுறையேனும் ஆடாதவர். நாட்டு அணிக்கு ஆடாத ஒருவரையாவது ஒவ்வோர் ஆட்டத்திலும் சேர்த்துக்கொள்வது பார்பேரியன்ஸின் மரபு. மரபுக்கு மரியாதையாக மூலையில் நிறுத்தப்பட்ட ஆளாக அவர் இருக்கவில்லை, ஆட்டத்தின் நடு ஓட்டத்திலேயே இருந்தார். உங்கள் பையன்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் ஜெர்சியை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதில் 2: நானுஓயா வாசகி

பழைய ஸ்க்ரம் ஐயா எழுதியது மிகவும் பயனுள்ளதாக இருந்தது. ஒரு சிறு சேர்க்கை. பார்பேரியன்ஸ் பெண்கள் அணியும் இப்போது இருக்கிறது. அது 2017 நவம்பரில் அயர்லாந்தின் மன்ஸ்டர் அணியுடன் தனது முதலாவது ஆட்டத்தை ஆடியது. ஆண்கள் அணி தொடங்கி 127 ஆண்டுகள் ஆன பிறகே பெண்களுக்கு அழைப்பு வந்தது என்பதையும் மரபுகளின் வரலாற்றில் சேர்த்து எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

தூறல் சேர், உங்கள் பாடசாலையிலும் டெக்கிள் இல்லாத டெக் றக்பியைப் பழகும் மாணவிகள் இருக்கக்கூடும். ஆண்கள் ஆடும் நாளிலேயே அவர்களுக்கும் பத்து நிமிட ஆட்டமொன்றை வைத்தால், இன்னும் 127 ஆண்டுகள் காத்திருக்கத் தேவைப்படாது.

பதில் 3: லிந்துலைக்காரன்

பழைய ஸ்க்ரம் ஐயாவின் அறிவுக்கு மரியாதை தெரிவித்துக்கொண்டே ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்கிறேன்.

அழைப்பு என்ற சொல்லைக் கேட்கும்போது அழைக்கப்பட்டவர்களை மட்டுமே நாம் பார்க்கிறோம். என் தாத்தா ஒரு தோட்டத்துரைமார் கிளப்பின் மைதானத்தில் ரோலர் இழுத்தவர். சனிக்கிழமைக் காலையில் கோடுகளுக்குச் சுண்ணாம்பு போட்டவரும் அவரே. பெரியதுரையும் சின்னத்துரைமாரும் அந்தக் கோட்டுக்குள்ளே ஆடினார்கள். கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுத்துக்கொடுப்பதற்குத்தான் அவருக்கு அழைப்பு இருந்தது. ஆட்டம் முடிந்து உள்ளே விருந்து நடக்கும்போது இவர் குழாயடியில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருப்பாராம். அந்தக் காலத்தில் மலைநாட்டுக் கிளப்புகள் மட்டுமா அப்படி இருந்தன? கொழும்பிலும் வெள்ளையர் கழகத்தில் இடமில்லாத நிலையில்தான் உள்நாட்டவர்கள் 1922ஆம் ஆண்டில் தமக்கென்று சிலோனீஸ் றக்பி கழகத்தை உண்டாக்கிக்கொண்டார்கள்.

பார்பேரியன்ஸின் குறிக்கோள் வாசகத்தையும் இந்த வெளிச்சத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். எல்லா வகுப்புகளிலுமுள்ள பண்பாளர்கள் என்று எழுதிவைத்துக்கொண்ட அணி, நிறவெறிச் சட்டங்கள் உச்சத்தில் இருந்த தென்னாபிரிக்காவுக்கு 1969ஆம் ஆண்டில் சுற்றுப்பயணம் போனது. அதன் மறுஆண்டு ஜனவரியில், பிரித்தானியா முழுவதும் மக்கள் வீதியில் இறங்கி எதிர்த்துக்கொண்டிருந்த தென்னாபிரிக்க அணியின் சுற்றுப்பயணத்தில், டுவிக்கன்ஹாமில் அவ்வணியுடன் ஆடவும் செய்தது. நிறம் பார்க்காத அணி என்று சொல்லிக்கொள்பவர்கள், நிறம் பார்த்து ஆள் எடுத்த அணியோடு கைகுலுக்கினார்கள். ஆட்டத்தின் அழகை நான் மறுக்கவில்லை; 1973ஆம் ஆண்டு ட்ரையை நானும் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஆனால் மரபு என்று எடுத்துக்கொள்ளும்போது இதையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

பெயர் விடயத்துக்கு வருகிறேன். ஆசிரியருக்குச் சிரிப்பு வராததன் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கேம்பிரிட்ஜில் படித்தவர், ஊரே தொப்பி கழற்றி வணங்கும் மனிதர், தம்மைக் காட்டுமிராண்டி என்று அழைத்துக்கொள்வது ஒரு வேடிக்கை. அவரை வேறு எவரும் அப்படி ஏசியதில்லை என்பதால்தான் அது வேடிக்கையாக இருக்கிறது. தோட்டக்காட்டான் என்பது அப்படிப்பட்ட சொல்லா? பஸ்ஸிலும் கந்தோரிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் நம் அப்பா அம்மாவின் முகத்துக்கு நேரே வீசப்பட்ட சொல் அது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நம் மொழியைப் பேசுபவர்களே வீசியது என்பதால் இன்னும் ஆழமாகக் குத்தியது. அதை ஜெர்சியின் நெஞ்சில் அச்சடித்துக்கொண்டு ஓடினால், பையன்களுக்கு அது வீரமாகத் தோன்றலாம். மைதான ஓரத்தில் நின்று பார்க்கும் அவர்களுடைய ஆச்சிக்கு எப்படித் தோன்றும் என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் பிறகு தீர்மானிக்கட்டும்.

பதில் 4: பழைய ஸ்க்ரம் (கண்டி)

லிந்துலைக்காரன் தம்பி எழுதியவற்றில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. 1969ஐயும் 1970ஐயும் நான் தவிர்த்துச் சென்றது சரியன்று. நமக்குப் பிடித்த அணியின் கதையைச் சொல்லும்போது நாக்கு தானாகவே மேட்டுப்பக்கமாக நடந்துவிடுகிறது.

அழைப்பு என்பது விலக்கலும் ஆகும் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டே, அந்த மரபில் எனக்கு மரியாதை குறையாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எட்கர் மொப்ஸ் என்பவர் நோர்த்தாம்ப்டன் கழகத்தின் பெயர்பெற்ற ஆட்டக்காரர். இங்கிலாந்து அணிக்கும் தலைமை தாங்கியவர். முதலாம் உலகப் போர் மூண்டபோது வயது முப்பதைக் கடந்துவிட்டது என்று இராணுவ அதிகாரிப் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, விளையாட்டு வீரர்களும் இரசிகர்களுமாகத் தாமே ஒரு படைப்பிரிவுக்கு ஆள் திரட்டினார். லெப்டினன்ட் கேர்ணலாக உயர்ந்த அவர், 1917 ஜூலை 31ஆம் திகதி பெல்ஜியத்துப் போர்க்களத்தில் மாண்டார், உடல் கிடைக்கவேயில்லை. 1921ஆம் ஆண்டிலிருந்து அவர் நினைவாக ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் அணியுடன் பார்பேரியன்ஸ் ஆண்டுதோறும் ஓர் ஆட்டம் ஆடினார்கள். 2011 வரை அது அவர்களுடைய ஆட்டமாகவே இருந்தது. சமாதி இல்லாத ஒருவருக்கு ஆண்டில் ஒரு நாள், எண்பது நிமிடங்கள். கிண்ணத்துக்கோ புள்ளிக்கோ அல்லாத ஆட்டத்தை ஆட ஓர் அணி இருப்பதால் மட்டுமே இப்படிப்பட்ட நாட்களுக்கு இடம் கிடைக்கிறது.

ஆகவே தூறல் ஆசிரியரே, உங்கள் ஆட்டத்துக்கும் நினைவுகூர ஒருவர் கிடைப்பார் என்று நம்புகிறேன். ரோலர் இழுத்தவர்களுக்கு இதுவரை எவரும் நினைவாட்டம் வைத்ததில்லை.

இன்னொன்று, எச்சரிக்கையாக. கோலாகலம் அளவுமீறினால் மரபு தன்னையே தின்றுவிடும். 1995ஆம் ஆண்டில் றக்பி தொழில்முறை ஆட்டமாக மாறிய பிறகு கழகங்கள் தங்கள் ஆட்டக்காரர்களை விடத் தயங்கின. தென் வேல்ஸ் பயணம் 1996ஆம் ஆண்டோடு நின்றது. 2020 ஒக்டோபரில் இங்கிலாந்துடன் நடக்கவிருந்த ஆட்டம், ஆட்டக்காரர்கள் சிலர் கொரோனாக் கட்டுப்பாடுகளை மீறி ஹோட்டலை விட்டு வெளியே போனதால் கைவிடப்பட்டது. நல்லுறவு என்ற பெயரில் எதையும் செய்யலாம் என்று உங்கள் பையன்கள் எண்ணிவிடக் கூடாது. முதல்நாள் இரவு ஆட்டக்காரர்கள் எங்கே தங்குவார்கள், யார் சமைப்பார்கள், எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்பதையெல்லாம் முன்பே பேசி வையுங்கள்.

பதில் 5: விசில் (பதுளை)

மூத்தவர்கள் வரலாற்றைப் பேசிவிட்டார்கள். நான் மத்தியஸ்தம் செய்பவன் என்பதால் இரண்டு நடைமுறை விடயங்களை மட்டும் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, ஸ்க்ரம். பார்பேரியன்ஸ் அணியினர் ஆட்டத்துக்கு முன் சில நாட்களாவது ஒன்றாகத் தங்கிப் பழகுகிறார்கள். அவர்களுடைய முன்வரிசை ஆட்டக்காரர்கள் அதையே தொழிலாகக் கொண்டவர்கள். உங்கள் பையன்கள் முதல்நாள் பஸ்ஸில் வந்திறங்கி மறுநாள் ஆடப்போகிறார்கள். ஒன்றாகப் பழகாத எட்டுப் பேர் எதிரணியின் எட்டுப் பேரோடு தலை கொடுத்துத் தள்ளினால், ஸ்க்ரம் சரிந்து கழுத்தெலும்புக்கு ஆபத்து வரும். தள்ளாமல் பந்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஸ்க்ரமுக்கு ஆட்ட விதிகளிலேயே இடமிருக்கிறது. எதிரணியோடும் மத்தியஸ்தரோடும் அதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். பழைய ஸ்க்ரம் ஐயாவுக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை.

இரண்டாவது, திகதி. தீபாவளியை நினைத்திருக்கிறீர்கள் என்றால் மறுபரிசீலனை செய்யுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் உங்கள் பக்கத்தில் பகல் இரண்டு மணிக்கு மேல் இடியோடு மழை கொட்டும். மைதானம் நாற்றுமேடை போலாகிவிடும். தைப்பொங்கலை அடுத்து வரும் சனிக்கிழமை நல்லது. காலையில் புல்லில் பனி இருக்கும், பத்து மணிக்குப் பிறகு வெயில் ஏறித் தரை காய்ந்துவிடும். பாடசாலைகளின் பருவமும் அப்போது தொடங்கியிராது என்பதால் மைதானமும் கிடைக்கும்.

பதில் 6: தூறல் (தலவாக்கலை)

எழுதிய அனைவருக்கும் நன்றி. பதில்களை அச்சிட்டு எடுத்துப்போய், ஊருக்கு வந்திருந்த பன்னிரண்டு பையன்களுக்கு என் வீட்டுத் திண்ணையில் வாசித்துக் காட்டினேன். ஸ்க்ரமைப் பற்றி விசில் அவர்கள் எழுதியதை இருவரைத் தவிர எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த இருவரும் முன்வரிசைக்காரர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. திகதி பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. மாணவிகளின் ஆட்டம் அன்று காலையிலேயே நடக்கும்.

காலுறை மரபு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. எந்தக் கழகத்துக்கும் பாடசாலைக்கும் ஆடாத ஒருவனைச் சேர்க்க வேண்டும் என்று தீர்மானித்து, தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை பார்க்கும் ஒரு தம்பியைத் தேர்ந்தெடுத்தோம். பையன்களோடு மாலையில் ஓடிப் பழகியதைத் தவிர அவனுக்கு றக்பி அனுபவம் கிடையாது, ஆனால் அவனைத் துரத்திப் பிடித்தவர் எவரும் இல்லை. அவன் எந்தக் காலுறையைப் போடுவான் என்று ஒருவன் கேட்டான். அவனுடைய தோட்டத்துக் கால்பந்து அணியின் சிவப்புக் காலுறையைப் போடட்டும் என்று இன்னொருவன் சொன்னான். அந்தக் காலுறையைத் தேடியதில் ஒரு கால்தான் அகப்பட்டது. மற்றதைப் பின்னித் தருவதாக அவனுடைய அக்கா சொல்லியிருக்கிறார்.

பெயரைப் பொறுத்தவரை, லிந்துலைக்காரன் எழுதியதை வாசித்தபோது திண்ணையில் சத்தமே இல்லை. அந்தப் பெயரை முன்மொழிந்த பையன் மட்டும், “ஆச்சியிடம் நான் கேட்கிறேன், சேர்” என்றான். இரண்டு கிழமைகள் ஆகிவிட்டன. அவன் இன்னும் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஹட்டனில் ஜெர்சி தைப்பவர் நெஞ்சில் என்ன எழுதுவது என்று தொலைபேசியில் கேட்டார். இப்போதைக்கு ஒன்றும் எழுத வேண்டாம், முதுகில் இலக்கம் மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.